பழைய மரத்தண்டு கோல்ஃப் மட்டைகளில் மறுபடி ஆட முடியுமா?

கேள்வி இதுதான்: ஒரு பழைய பையோடு ஏழெட்டு மரத்தண்டு கோல்ஃப் மட்டைகள் கைக்கு வந்திருக்கின்றன. இரும்புத் தலைகளில் துரு. இரண்டு மட்டைகளில் தலை ஆடுகிறது. பிடித் தோல் தொட்டால் உதிர்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, ஆட எடுத்துவிடலாமா?

ஆட எடுக்கலாம். ஆனால் உப்புத்தாளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இந்த மட்டைகளைக் கெடுத்தது காலத்தைவிட உப்புத்தாள்தான் என்று சொல்லும் அளவுக்கு எத்தனையோ நல்ல தண்டுகள் வீணாகியிருக்கின்றன. தலை இரும்பு, அது எதையும் தாங்கும். பிடியை மாற்றிக்கொள்ளலாம். தண்டு மட்டும் அப்படியில்லை. அதிலிருந்து எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் எல்லா முடிவையும் தண்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். ஒரு காந்தத்தைத் தண்டின் நடுவில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் அது மரமே இல்லை. எஃகுத் தண்டு வந்த புதிதில், மரத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியக்கூடாது என்று மர நிறத்தில் உறை போட்டு விற்றார்கள். 1930களின் மட்டைகளில் இது நிறையவே உண்டு. அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1924இல் எஃகுத் தண்டை அனுமதித்தது. ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலிருந்து கோல்ஃப் விதிகளை வகுத்த ஆர் அண்ட் ஏ 1929 வரை இழுத்தடித்தது. 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் வென்றது ஹிக்கரித் தண்டோடுதான். இந்த மட்டைகளின் தண்டு செய்த மரம்தான் ஹிக்கரி. அதன்பின் சில ஆண்டுகளிலேயே மரத்தண்டு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆகவே உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 1900க்கும் 1930க்கும் இடைப்பட்ட சரக்காக இருக்கும். லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை அவை, தைரியமாக ஆடலாம்.

இரண்டு வகையை மட்டும் தொடவே வேண்டாம். ஒன்று, தலை நீண்டு மெலிந்து, தண்டும் தலையும் சாய்வாகச் சீவி ஒட்டி நூல் சுற்றப்பட்ட பழைய மர மட்டைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாக இருக்க வாய்ப்பு உண்டு. துடைக்கக்கூடச் செய்யாமல், விவரம் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். இன்னொன்று, சுவரில் மாட்ட அழகுக்காகச் செய்யப்பட்ட போலிகள். எடை இருக்காது, தலையின் கழுத்தில் ஒழுங்கான ஆணி இருக்காது. வீசினால் தலை பறந்து யார் மேலாவது விழும்.

தலையின் பின்புறத்தில் முத்திரை தேடுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்டூவர்ட் பட்டறை என்றால் புகைக்குழாய், லெவன் ஊரின் ஜார்ஜ் நிக்கல் என்றால் கை, கிங்ஹார்னின் வில்லியம் கிப்சன் என்றால் நட்சத்திரம். அமெரிக்கப் பக்கம் ஸ்பால்டிங், மெக்ரிகர், பர்க் போன்ற பெயர்கள் வரும். ஆடுவதற்கு ஸ்டூவர்ட்டின் இரும்பை மிஞ்ச ஏதுமில்லை என்பது என் கட்சி. வேறு கட்சிக்காரர்களும் உண்டு.

சரி, தண்டுக்கு வருவோம். நல்ல வெளிச்சத்தில் பிடிப் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கிக் குறி பார்ப்பதுபோல் தலைவரை பாருங்கள். வளைவு இருந்தால் எந்தப் பக்கம், எந்த இடம் என்று பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மர ரேகைகளைப் பாருங்கள். அவை தண்டின் நீளத்துக்கே ஓட வேண்டும். நடுவிலேயே ரேகை பக்கவாட்டில் வெளியேறினால் அது உடையக் காத்திருக்கும் இடம். அதிலும் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்குள் அப்படி வெளியேறினால் அந்தத் தண்டை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான தண்டுகள் முறிவது கழுத்துக்குச் சற்று மேலேதான்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்துத் தண்டின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். விரிசல் வாயில் பஞ்சின் இழை சிக்கி நிற்கும். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, பந்தை அடிக்கும் திசையிலும் எதிர்த்திசையிலும் லேசாக வளைத்துக் காதைக் கொடுங்கள். நல்ல ஹிக்கரி சத்தமே போடாது. டிக்கென்று ஒலித்தால் ஒன்று கழுத்து ஆடுகிறது, இல்லையென்றால் எங்கோ இழை பிரிந்திருக்கிறது.

நீளவாக்கில் ஓடும் மெல்லிய விரிசல் பிழைத்துக்கொள்ளும். தண்டை லேசாக வளைத்து அதன் வாயைத் திறந்து, தண்ணீர்போல் ஓடும் மெல்லிய பசையை உள்ளே விடுங்கள். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். காய்ந்ததும் அந்த இடத்தில் மெழுகு நூல் சுற்றினால் இன்னும் நல்லது. குறுக்கே போன விரிசலுக்கு வைத்தியம் கிடையாது. எவ்வளவு பசை போட்டாலும் அது முறியும், முறியும்போது கூராகச் சிம்பும். அந்தத் தண்டை ஓய்வுக்கு அனுப்புங்கள்.

வளைவு என்றால் பயப்பட வேண்டாம். வளைந்த தண்டை நிமிர்த்த முடியும், மரத்துக்கு அந்தக் குணம் உண்டு. சூடு பட்டால் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகும், ஆறினால் இறுகும். ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வளைந்த பகுதியில் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே தண்டைத் திருப்புங்கள். ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. தண்டைத் தொட்டால் உடனே கையை எடுத்துவிடத் தோன்றும் அளவு சூடு போதும். மேல்பூச்சு கொப்பளித்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். இப்போது வளைவின் புடைப்பைத் தொடையில் வைத்து எதிர்ப்பக்கமாக, நேர்க்கோட்டையும் சற்றுத் தாண்டி வளைத்து, முழுதும் ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். பொறுமை இல்லாதவர் ஆறுவதற்குள் விட்டுவிடுவார், தண்டும் பழையபடி திரும்பிவிடும். ஒரே முறையில் முழுதும் நிமிர்த்தப் பார்க்காமல், ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். எந்தத் தண்டும் மயிரிழை சுத்தமாக நேராக வராது. அடிக்கும்போது அது தெரியவும் தெரியாது.

இப்போது உப்புத்தாள் விஷயம். வட்டத் தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடத்தில் அரை மில்லிமீட்டர் குறைந்தால் கிட்டத்தட்ட 16 சதவிகித விறைப்பு போய்விடும். பழைய அழுக்கும் கறையும் மறையும்வரை தேய்த்தால் அரை மில்லிமீட்டர் எப்போது போனது என்றே தெரியாது. போனபின் அந்த மட்டை தூண்டில் கம்பு மாதிரி ஆடும். ஆகவே மேல்பூச்சை மட்டும் எடுங்கள், மரத்தை விட்டுவிடுங்கள். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு பழுப்பாகிப் பிசுபிசுத்தால் பழைய அரக்குப் பூச்சு, ஸ்பிரிட்டிலேயே கரைந்து வந்துவிடும். கரையாவிட்டால் வார்னிஷ். டர்பன்டைனில் நனைத்த நாலு சைபர் (0000) ஸ்டீல் வுல்லால், அதாவது மிக மெல்லிய எஃகு நார்ப் பஞ்சால், நீளவாக்கில் தேய்த்தால் மேல் அழுக்கு வரும், நல்ல வார்னிஷ் அப்படியே நிற்கும். நிற்கிற பூச்சை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கறுத்த புள்ளிகளும் பழைய கை பட்ட கறையும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு கொதித்த ஆளிவிதை எண்ணெயைத் (கடையில் boiled linseed oil என்று விற்பது, நீங்கள் கொதிக்கவைக்க வேண்டாம்) துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். அடுத்த நாள் மறுபடி. மூன்று நான்கு பூச்சு போதும், குடிக்கிறவரை குடிக்கட்டும். மேலே அரக்கோ மெழுகோ போடலாம். ஒரு எச்சரிக்கை: எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

தலை ஆடும் மட்டைகள்தான் அதிக வேலை வாங்கும். இரும்புத் தலையின் கழுத்துக் குழலுக்குள் தண்டின் கூம்பு முனை இறங்கி, குறுக்கே ஓர் ஆணி போயிருக்கும். பசை காய்ந்து மரமும் சுருங்கியதால் இடைவெளி விழுந்திருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் மரம் ஊதி இறுகிவிடும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இறுகுவது உண்மைதான். ஆனால் குழலுக்குள் ஊதிய மரம் இரும்புச் சுவரில் நசுங்கும், காயும்போது முன்பைவிட அதிகமாகச் சுருங்கும். அடுத்த வாரம் இன்னும் மோசமாக ஆடும், உள்ளே துருவும் ஏறும். அந்த வைத்தியம் வேண்டாம்.

சரியான வழி, தலையைக் கழற்றி மறுபடி ஒட்டுவது. கழுத்தை ஸ்டீல் வுல்லால் தேய்த்தால் இரு பக்கமும் ஆணியின் தலை மங்கலான வட்டமாகத் தெரியும். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் சில மட்டைகளில் பிடிபடும். அதைவிட ஒரு சுற்று மெல்லிய பன்ச்சை வைத்துத் தட்டினால் மறுபக்கம் வெளியேறும். அடம்பிடித்தால் பக்கம் மாற்றித் தட்டுங்கள். இப்போது கழுத்தை ஹீட் கன்னால் சூடாக்கி, தண்டை மரக்கட்டை வைத்த வைஸில் பிடித்து, கழுத்தின் விளிம்பில் கட்டை கொடுத்துத் தலையைத் தட்டி இறக்குங்கள். முறுக்கவே கூடாது. முனை கூம்பு என்பதால் ஒரு நூல் நகர்ந்தாலே மீதி தானாக வந்துவிடும்.

குழலின் உட்புறத்தைச் சுருட்டிய உப்புத்தாளால் பளபளப்பாகும்வரை சுத்தம் செய்யுங்கள். உப்புத்தாளுக்கு இங்கேதான் வேலை. முனையில் ஒட்டியிருக்கும் பழைய பசையைக் கத்தியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். தண்டின் பழைய ஆணித் துளையும் கழுத்தின் துளையும் நேர்க்கோட்டில் வந்தால் அதிர்ஷ்டம். இடைவெளி அதிகமென்றால் முனையில் பருத்தி நூலை ஒரு அடுக்கு சுற்றுங்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸியைத் தாராளமாகப் பூசி இறக்கி, தலையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், சரியான கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்து, ஆணியையும் அதே பசையில் தோய்த்துச் செலுத்துங்கள். ஒரு முழு நாள் தொடாதீர்கள். பிறகு ஆணியின் நீட்டத்தை அரத்தால் கழுத்தோடு சமமாக்குங்கள்.

முனை உளுத்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி கூம்பாக்கலாம், மட்டை அவ்வளவு குட்டையாகும். கூம்பைப் பொருத்த ஓர் எளிய வழி: குழலின் உட்புறத்தில் மெழுகுவர்த்திக் கரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்டைச் சொருகி எடுத்தால் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் மரம் உரசுகிறது. அந்த இடத்தைச் சீவி, மறுபடி சொருகி, கரி எல்லா இடத்திலும் சமமாக ஒட்டும்வரை தொடருங்கள். புதுத் தண்டு போடுபவருக்கும் இதே முறைதான்.

இரும்புத் தலையின் துருவுக்கு எண்ணெயும் ஸ்டீல் வுல்லும் பொறுமையும் போதும். ஆழமான துருவை வினிகரில் சில மணி நேரம் ஊறவைக்கலாம், ஆனால் தலை தனியாகக் கழன்றிருக்கும்போது மட்டும். எடுத்ததும் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். தலை அலுமினியம் என்றால் வினிகர் பக்கமே போகாதீர்கள். கிரைண்டரும் கம்பிச் சக்கரமும் கூடவே கூடாது. முத்திரையும் முகத்தில் குத்திய புள்ளிகளும் நொடியில் அழிந்துவிடும். கண்ணாடிபோல் மினுக்கிய பழைய இரும்பைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பழுப்பேறிய சாம்பல் நிறம்தான் அதற்கு அழகு.

முகத்தில் மிக ஆழமான, அகலமான பள்ளங்கள் வெட்டிய மட்டை கிடைத்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். 1921 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஜாக் ஹட்சிசன் அப்படிப்பட்ட முகங்களோடு வென்ற பிறகு அவற்றைத் தடை செய்துவிட்டார்கள். சேகரிப்பவர்களுக்கு அது பிடிக்கும், போட்டியில் எடுக்க விடமாட்டார்கள்.

முகத்தின் சாய்வுக் கோணத்தை மாற்ற ஆசைப்படுவீர்கள், ஏனென்றால் மாஷி, நிப்லிக் என்று இந்த இரும்பு மட்டைகளுக்கு வைத்த பழைய பெயர்களை நம்ப முடியாது. ஒரு பட்டறையின் மாஷியும் இன்னொரு பட்டறையின் மாஷி நிப்லிக்கும் ஒரே கோணத்தில் இருக்கும். பெயரை விட்டுவிட்டு ஒவ்வொன்றையும் அளந்து வரிசைப்படுத்துங்கள். அடித்துச் செய்த மென்மையான இரும்பு என்பதால் தலை வளையும்தான். ஆனால் தண்டு உள்ளே இருக்கும்போது வளைத்தால் கழுத்துக்கு மேலே மரம் முறியும். தலை கழன்றிருக்கும்போது செய்யுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

மரத் தலை மட்டைகள், அதாவது டிரைவர், பிராசி, ஸ்பூன், பெரும்பாலும் பெர்சிமன் மரம். அடித்தகட்டின் திருகாணிகள் தளர்ந்திருந்தால் துளையில் பசையோடு ஒரு மரச்சிம்பைச் செருகி மறுபடி முறுக்குங்கள். கழுத்தில் சுற்றிய நூல் அழகுக்கு அல்ல. அடிபடும்போது கழுத்து பிளக்காமல் அதுதான் கட்டிப்பிடிக்கிறது. தளர்ந்திருந்தால் முழுதும் பிரித்து, கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பசை விட்டு, மெழுகு தேய்த்த லினன் நூலை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். கடைசிப் பத்துச் சுற்றுக்கு முன் தனியாக ஒரு நூல் வளையத்தை அடியில் வைத்துச் சுற்றி, நூலின் முனையை அந்த வளையத்தில் கோத்து இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் போய்விடும். முடிச்சு தேவையில்லை.

பிடி கடைசி வேலை. பழைய தோல் காய்ந்து மட்டும் இருந்தால் தோலுக்கான சோப்பால் துடைத்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தேய்த்துப் பாருங்கள், உயிர் வந்துவிடும். உதிர்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். பிரிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பிறகு நினைவிருக்காது. அடியில் ஒரு துணி நாடா சுற்றியிருக்கும். அது கெட்டியாக இருந்தால் அப்படியே விடுங்கள், பிடியின் பருமன் அதில்தான் இருக்கிறது. சுமார் 25 மில்லிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள மெல்லிய தோல் பட்டை ஒரு மட்டைக்குப் போதும். மேல்முனையில் சாய்வாக வெட்டிச் சிற்றாணி அடித்து, இழுத்துப் பிடித்தபடி கீழே சுற்றிக்கொண்டு வாருங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று தொட வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. கீழ்முனையை நூல் சுற்றி முடியுங்கள்.

ஆடப் போகும்போது இரண்டு விஷயம். பயிற்சித் திடலின் கட்டிப் பந்துகளை இவற்றால் அடிக்காதீர்கள். அவை மர முகத்தைப் பிளக்கும், தண்டையும் அதிரவைக்கும். மென்மையான, குறைந்த அழுத்த வகைப் பந்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஹிக்கரி வளைவதோடு முறுக்கவும் செய்யும், எஃகைவிடப் பல மடங்கு. மேலே போன மட்டை கீழே இறங்கும் திருப்பத்தில் அவசரப்பட்டால் தலை பின்தங்கிப்போய், பந்து வலப்பக்கம் ஓடும். நிதானமாக வீசினால் தானாகவே சரியாகும். முதல் சில அடிகளை அரை வீச்சில், சுற்றிலும் ஆள் இல்லாத இடத்தில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அடியுங்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பையை நிரப்ப வேண்டும் என்றும் இல்லை. பதினான்கு மட்டை என்ற வரம்பே 1938இல்தான் அமெரிக்காவில் வந்தது, அதுவும் எஃகுத் தண்டு வந்து பைகள் வீங்கிப்போனதால். ஒரு பிராசி, மிட் அயர்ன், மாஷி, மாஷி நிப்லிக், நிப்லிக், புட்டர். இந்த ஆறை ஒழுங்காகச் செய்தால் முழு ஆட்டமும் ஆடலாம். உங்கள் ஏழெட்டில் ஆறு தேறினாலே போதும், மீதியை உதிரிக்கு வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து, இரும்பில் எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் மாதக்கணக்கில் தன் எடையிலேயே தண்டு வளையும். படுக்க வையுங்கள் அல்லது தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் எபாக்ஸியும் இளகும், மரமும் சுருங்கும், தலை மறுபடி ஆட ஆரம்பிக்கும்.